ராக் பாட்டை எப்படிக் கேட்பது: பேஸ் கிட்டாரில் தொடங்கி முழு ஆல்பம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரி விடுதியில் என்னிடம் இருந்த வாக்மேனில் ஒரு காது வேலை செய்யாது. 1990களின் நடுப்பகுதி அது. அறைத்தோழன் தன் மாமா வீட்டு இசைத்தட்டிலிருந்து பதிந்து வந்த பீட்டில்ஸ் கேசட்டை அதில் போட்டேன். எங்கோ தூரத்தில் யாரோ ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினார்கள். அதற்கப்புறம் பாடகர் வரவே இல்லை. கிட்டாரும் டிரம்ஸும், அவற்றுக்கு அடியில் நிற்காமல் ஓடும் ஒரு தடித்த கம்பியின் சத்தமும்தான் கேட்டன. பாட்டு முடியும்வரை அந்தக் கம்பியின் பின்னாலேயே போனேன்.

மறுநாள் நண்பனின் ஹெட்போனில் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. 1963இல் பீட்டில்ஸ் பதிவு செய்த டேப்பில் இரண்டே தடங்கள். குரலெல்லாம் ஒன்றில், வாத்தியமெல்லாம் இன்னொன்றில். அதை ஸ்டீரியோவாக வெளியிட்டபோது குரல் ஒரு காதுக்கும் வாத்தியங்கள் மறு காதுக்கும் போய்விட்டன. எனக்கு வாய்த்தது வாத்தியக் காது. பாட்டின் பெயர் 'ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்'. குரலோடு கேட்டபோதும் என் காது அந்தத் தடித்த கம்பியை விட்டு மேலே ஏறவில்லை.

ராக் பாட்டு என்றால் ஒரே இரைச்சல், என்ன பாடுகிறார்கள் என்றே புரியவில்லை என்று சொல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாம் வளர்ந்த சினிமாப் பாட்டில் காது முதலில் குரலைத் தேடும், அடுத்து வரிகளை. பாட்டை இசையமைப்பாளர் ஒருவர் முழுதாக யோசித்து வைத்திருப்பார். ராக் குழுவில் பெரும்பாலும் வாசிப்பவர்களே பாட்டை உருவாக்கியவர்கள். நான்கு பேர் ஓர் அறையில் நின்று, ஒருவர் வாசிப்பதைக் கேட்டு மற்றவர் பதில் சொல்லி, சில சமயம் சண்டை போட்டு எழுப்பிய பாட்டு அது. அதனால் ஒரு நேரத்தில் ஓர் ஆளை மட்டும் கேளுங்கள். கீழே உள்ள எல்லாப் படிகளுக்கும் அடிப்படை இதுதான்.

தொடங்கும் முன்

போன் ஸ்பீக்கர் உதவாது. பேஸ் கிட்டார் பாதிகூட அதில் வராது. இரண்டு காதும் வேலை செய்கிற சாதாரண இயர்போன் போதும். கேட்கும் செயலியில் ஷஃபிளை அணைத்துவிடுங்கள்.

ஒரே பாட்டுக்குப் பத்துப் பதிவுகள் கிடைக்கும். மேடைப் பதிவு, வேறொருவர் பாடியது, கரோக்கி என்று வரிசையாக நிற்கும். அசல் குழுவின் ஸ்டுடியோ பதிவைத் தேர்ந்தெடுங்கள். ரீமாஸ்டர் என்று போட்டிருந்தால் பரவாயில்லை, அதே பதிவின் ஒலியைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். ரீமிக்ஸ் என்றிருந்தால் குரலும் வாத்தியமும் இடம் மாறியிருக்கும். என் விடுதிக் கதையை நீங்கள் செய்து பார்க்க வேண்டுமானால் பழைய ஸ்டீரியோ பதிவுதான் வேண்டும்.

ஒவ்வொரு பாட்டையும் மூன்று முறை கேளுங்கள். முதல் முறை சும்மா. இரண்டாவது முறை நான் சொல்லும் வாத்தியத்தை மட்டும். மூன்றாவது முறை எல்லாவற்றையும் சேர்த்து. பாடல் வரிகளை ஆறாவது படி வரை தேட வேண்டாம்.

படி 1: அடியில் ஓடும் கம்பி

பேஸ் கிட்டாருக்கு நான்கு தடித்த கம்பிகள். தாளத்தோடும் சேர்ந்து போகும், ராகத்தோடும் சேர்ந்து போகும். இளையராஜா பாடல்களில் வளர்ந்தவர்களுக்கு இது ஏற்கெனவே பழக்கமான ஒலி, வாத்தியத்தின் பெயர்தான் தெரிந்திருக்காது.

முதல் பாட்டு, குயின் குழுவின் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' (1980). இதில் பேஸைத் தேடவே வேண்டாம், பாட்டே அதுதான். டும், டும், டும் என்று மூன்று அடி, கொஞ்சம் மௌனம், பிறகு ஒரு சின்ன ஓட்டம். எழுதியவர் பேஸ் வாசித்த ஜான் டீக்கன், நால்வரில் அதிகம் பேசாதவர். அந்த மௌனங்களைக் கவனியுங்கள். வாசிக்காமல் விட்ட இடத்தில்தான் கால் தானாக ஆடும்.

அடுத்தது யூ2 குழுவின் 'வித் ஆர் வித்அவுட் யூ' (1987). டப்ளின் நகரத்துக் குழு. பேஸ் வாசிக்கும் ஆடம் கிளேட்டன் நான்கே சுரங்களை வரிசையாக வாசிக்கிறார், பாட்டு முழுக்க அதே நான்கு. மேலே குரல் முணுமுணுப்பில் தொடங்கிக் கதறலில் போய் நிற்கும், கிட்டார் அகலமாக விரியும், டிரம்ஸ் மெல்ல மெல்லக் கூடும். கீழே அந்த மனிதர் அசையவே மாட்டார். கதறலுக்கு அவ்வளவு கனம் வருவது அந்த அசையாமையால்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, பீட்டில்ஸின் 'கம் டுகெதர்' (1969). தொடக்கத்தில் ஜான் லெனன் இரண்டு சொற்களை மூச்சுக்காற்றோடு கிசுகிசுக்கிறார். முதல் சொல் மட்டும்தான் கேட்கும். இரண்டாவது சொல் விழும் அதே கணத்தில் பால் மெக்கார்ட்னியின் பேஸ் அதை மூடிவிடும். ஐந்தாறு முறை திருப்பிப் போட்டுக் கேளுங்கள். குரலும் பேஸும் உரசிக்கொள்ளும் அந்த இடம் பிடிபட்டுவிட்டால் இந்தப் படி முடிந்தது.

படி 2: டிரம்ஸ்

டிரம்ஸில் மூன்று சத்தங்களைப் பிரித்தால் போதும். காலால் அடிக்கும் கிக், கையால் பட்டென்று அடிக்கும் ஸ்நேர், காலால் மிதித்து மூடித் திறக்கும் ஜோடித் தட்டான ஹை-ஹாட். கிக்குக்கு வலது கால், ஸ்நேருக்கு இடது கை, ஹை-ஹாட்டுக்கு வலது கை என்று தொடையில் தட்டிப் பாருங்கள்.

லெட் செப்பலின் குழுவின் 'வென் த லெவீ பிரேக்ஸ்' (1971) பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய பெரிய வீட்டில் தங்கிப் பதிவு செய்தார்கள். ஜான் பானமின் டிரம்ஸைக் கூடத்தில் வைத்து, மைக்குகளை மாடிப்படியின் மேலிருந்து தொங்கவிட்டார்கள். பாட்டின் முதல் சில நொடிகளில் டிரம்ஸ் மட்டும்தான். ஒவ்வொரு அடியும் சுவரில் மோதித் திரும்பி வருவது தெரியும். நீங்கள் கேட்பது டிரம்ஸை மட்டுமல்ல, அந்த வீட்டையும் சேர்த்துத்தான்.

அப்புறம் மறுபடி 'கம் டுகெதர்'. இந்த முறை ரிங்கோ ஸ்டாரை மட்டும். அவர் பிறவியில் இடது கைப் பழக்கக்காரர், ஆனால் வலது கைக்காரர்களுக்கான அமைப்பில் வாசித்தவர். அதனால் அவர் டிரம்ஸைச் சுற்றி உருட்டி வரும் விதம் மற்றவர்களிடமிருந்து மாறுபடும். பாட்டின் தொடக்கத்திலேயே அந்த உருட்டல் இருக்கிறது.

குழந்தைகளோடு கேட்க ஒரு பாட்டு வேண்டுமா? குயினின் 'வீ வில் ராக் யூ' (1977). இதில் டிரம்ஸே கிடையாது. காலால் இரண்டு மிதி, கையால் ஒரு தட்டு. அதையே பலமுறை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து பெருங்கூட்டம் ஆக்கினார்கள். கடைசியில் கிட்டார் வந்து பாட்டை வாங்கிக்கொள்ளும்.

படி 3: ரிஃப், அப்புறம் சோலோ

கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் சின்ன சுரக்கோர்வைதான் ரிஃப். பாட்டின் கையெழுத்து மாதிரி. உலகம் முழுக்க கிட்டார் கற்பவர்கள் முதலில் வாசித்துப் பார்ப்பது டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' (1972) ரிஃபைத்தான். அதன் தொடக்கம் ஒரு பாடம்போல அடுக்கப்பட்டிருக்கிறது. முதலில் ரிச்சி பிளாக்மோரின் கிட்டார் தனியாக. பிறகு ஹை-ஹாட்டும் ஆர்கனும். பிறகு முழு டிரம்ஸ். கடைசியாக பேஸ். முதல் இரண்டு படிகளில் பழகிய காதுக்கு ஒவ்வொருவரும் கதவைத் திறந்து உள்ளே வருவது தெரியும்.

சோலோ என்றால் ஒருவர் முன்னே வந்து தனித்து வாசிக்கும் பகுதி. அதற்கு ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' (1976). ஆறரை நிமிடப் பாட்டு. பாடுபவர் டான் ஹென்லி, அவரேதான் டிரம்ஸும் வாசிக்கிறார். எட்டு கார்டுகள் ஒரு வட்டமாகச் சுற்றி வரும். கார்டு என்றால் சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது. குரல் நின்ற பிறகு சுமார் இரண்டு நிமிடம் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் கிட்டாரில் பேசிக்கொள்கிறார்கள். முதலில் ஒருவர் சொல்ல, மற்றவர் பதில் சொல்ல, போகப் போகப் பதிலுக்கான இடைவெளி குறைந்து, கடைசியில் இருவரும் ஒரே வாக்கியத்தை இரண்டு சுருதியில் சேர்ந்து சொல்வார்கள். இருவரின் தொனியும் வேறுவேறு. ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடங்களில் விரலை மடக்குங்கள். அப்படிக் கேட்டால் இரண்டு நிமிடம் போதாமல் போகும்.

இதற்கும் மேல் போக விரும்பினால் பிங்க் ஃபிளாய்டின் 'கம்ஃபர்டப்ளி நம்ப்' (1979). டேவிட் கில்மரின் சோலோ இரண்டு முறை வருகிறது. முதலாவது ஆறுதல். இரண்டாவதைக் கேட்ட பிறகு என்னால் உடனே வேறு பாட்டுப் போட முடிந்ததே இல்லை.

படி 4: பல குரல்கள், ஒரு குரல்

இப்போதுதான் பாடகர்களிடம் வருகிறோம். இங்கேயும் வரிகள் வேண்டாம். ஸ்வீடனின் ஆபா குழு 1974இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் நடந்த யூரோவிஷன் என்ற ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியில் 'வாட்டர்லூ' பாடி வென்று உலகத்துக்குத் தெரியவந்தது. அக்னெதா, அன்னி-ஃப்ரிட் என்ற இரு பெண்கள் பாடுகிறார்கள். ஆனால் கேட்கும்போது இருவர் மாதிரி இருக்காது. ஒரே வரியைப் பலமுறை பாடவைத்து அடுக்குவார்கள். சில அடுக்குகளின்போது டேப்பின் வேகத்தை மிகக் கொஞ்சமாக மாற்றிப் பதிவார்கள். சுருதியில் மயிரிழை வித்தியாசம் வரும், அதுதான் அந்த மினுமினுப்பு.

'டான்சிங் குயின்' (1976) கேளுங்கள். பியானோவின் மேல் விரல் வழுக்கி ஓடும், உடனே பல்லவியின் பின்பாதியில் பாட்டு தொடங்கிவிடும். நடுக் கொண்டாட்டத்தில் கதவைத் திறந்து நம்மை உள்ளே இழுத்துவிட்ட மாதிரி. கேட்க மகிழ்ச்சியாக இருக்கும், ஆனாலும் உள்ளே ஒரு ஏக்கம் ஓடும். அது எங்கிருந்து வருகிறது என்று பல வருடமாகத் தேடுகிறேன். இரண்டு குரல்களும் உச்சியில் சேரும் இடத்தில்தான் என்பது என் இப்போதைய எண்ணம்.

படி 5: ஒரு பாட்டைப் பிரித்துப் பார்ப்பது

இதுவரை பழகியதையெல்லாம் ஒரே பாட்டில் வைத்துப் பார்க்கலாம். குயினின் 'பொஹீமியன் ராப்சடி' (1975). நீளம் 5 நிமிடம் 55 நொடி. இதில் திரும்பி வரும் பல்லவி கிடையாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

முதல் 49 நொடி குரல்கள் முன்னால் நிற்கும். ஒரு கூட்டம் பாடுவதுபோல் இருந்தாலும் அத்தனை குரலும் ஃபிரெடி மெர்க்குரி ஒருவருடையது. அப்புறம் பியானோவோடு ஒரு சோகப் பாட்டு, ஒரு மகன் தன் தாயிடம் பேசுகிறான். டீக்கனின் பேஸ் பியானோவின் இடது கையோடு சேர்ந்து நுழைவதைக் கவனியுங்கள். 2:37இல் பிரையன் மேயின் கிட்டார் சோலோ. அந்த கிட்டார் கடையில் வாங்கியது அல்ல. பள்ளிப் பருவத்தில் அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து, பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டத்தை அறுத்துச் செய்தது. அதை அவர் மீட்டுவது ஆறு பென்ஸ் நாணயத்தால்.

3:03இல் எல்லாம் அறுந்து ஓபரா, அதாவது மேற்கத்திய இசைநாடகப் பாணிப் பகுதி, தொடங்கும். மெர்க்குரி நடுக்குரல், மே கீழ்க்குரல், டிரம்ஸ் வாசிக்கும் ரோஜர் டெய்லர் உச்சக்குரல். மூன்று பேர்தான், ஒரு பாடகர் கூட்டமே நிற்கிற மாதிரிக் கேட்கும். 24 தடங்களும் நிரம்பிப்போக, பலவற்றை ஒன்றாகச் சேர்த்து மறுபடி பதிந்து மறுபடி சேர்த்து, டேப் தேய்ந்து வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது என்று மே சொல்லியிருக்கிறார். கலிலியோ என்ற பெயர் ஒரு காதிலிருந்து மறு காதுக்குத் தாவும். இடையில் பிஸ்மில்லா என்ற சொல்லும் வரும். 4:07இல் கிட்டார் இடித்துக்கொண்டு வரும், அதுதான் இந்தப் பாட்டின் ராக் பகுதி. 4:54க்கு மேல் அடங்கி, கடைசியில் டெய்லர் ஒரு பெரிய தட்டை மெதுவாக அடிக்க முடியும்.

இவ்வளவு நீளமான பாட்டு வானொலியில் ஓடாது என்று தயங்கினார்கள். லண்டன் வானொலித் தொகுப்பாளர் கென்னி எவரெட் ஒரே வார இறுதியில் அதைப் பதினான்கு முறை ஒலிபரப்பினார். பிரிட்டனில் அது ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. 1991 நவம்பரில் மெர்க்குரி இறந்த பிறகு மறுபடியும் முதலிடத்துக்கு வந்தது. கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான ஜான்சிபாரில் ஒரு பார்சிக் குடும்பத்தில் ஃபரூக் புல்சாராவாகப் பிறந்து, மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்த பையன் அவர். அந்தப் பள்ளியில் பியானோ கற்றார், முதல் குழுவும் அங்கேதான்.

ஸ்டுடியோ பதிவு மனதில் பதிந்த பிறகு மேடைப் பதிவுக்குப் போங்கள். 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி அரங்கில் லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் இசை நிகழ்ச்சி. குயினுக்குக் கிடைத்தது இருபது நிமிடம் சொச்சம். பாடல்களுக்கு நடுவே மெர்க்குரி வரியே இல்லாமல் ஓர் ஆலாபனை விட, மைதானம் முழுக்க அதைத் திருப்பிப் பாடும். அதற்காகவே பார்க்க வேண்டும்.

படி 6: இப்போது வரிகள்

வரிகளைத் தேடிப் படித்துக்கொண்டே கேளுங்கள். உச்சரிப்பு புரியாததைப் பற்றிக் கவலை வேண்டாம், பல வரிகளை ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே தப்பாகத்தான் கேட்கிறார்கள்.

'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டில் ஏதோ தத்துவம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது நேரில் பார்த்தவர்கள் சொன்ன செய்தி. 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ. டீப் பர்ப்பிள் தங்கள் ஆல்பத்தைப் பதிவு செய்ய அங்கே போயிருந்தார்கள். அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவின் கச்சேரியில் யாரோ ஒளிவெடியைச் சுட, சூதாட்ட அரங்கக் கட்டிடமே எரிந்து போனது. புகை ஜெனீவா ஏரியின் மேல் படர்ந்ததை அவர்கள் பார்த்தார்கள். தண்ணீர்மேல் புகை. வரிகளில் ஊர்ப் பெயர், ஜாப்பாவின் பெயர், ஆட்களைத் தூக்கி வெளியே கொண்டு வந்தவரின் பெயர் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

எதிர்த் திசையில் ஒன்று. போலீஸ் குழுவின் 'எவ்ரி பிரத் யூ டேக்' (1983) பாட்டைக் காதல் பாட்டென்று எத்தனையோ பேர் கல்யாணத்தில் போடுகிறார்கள். வரிகளைப் படியுங்கள். நீ விடும் ஒவ்வொரு மூச்சையும், வைக்கும் ஒவ்வொரு அடியையும் கவனித்துக்கொண்டிருப்பேன் என்கிறான். பிரிந்து போனவளை விடாமல் கண்காணிக்கும் ஒருவனின் குரல் அது. எழுதிய ஸ்டிங்கும் அதை நல்ல காதல் பாட்டென்று சொன்னதில்லை. ஆண்டி சம்மர்ஸின் கிட்டார் ஒரே சீராக, நிற்காமல், கண் இமைக்காமல் போவதை இப்போது மறுபடி கேட்டால் முதுகு சில்லிடும்.

லெட் செப்பலினின் 'காஷ்மீர்' (1975) நம் காஷ்மீரைப் பற்றியது இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொராக்கோவின் தெற்கே பாலைவனத்தில் முடிவில்லாமல் நீண்ட சாலையில் போனபோது குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட்டுக்குத் தோன்றிய வரிகள். டிரம்ஸ் நான்கில் போக, மேலே ரிஃப் மூன்றில் போகும். கையில் தாளம் போட்டுப் பார்த்தால் இரண்டும் விலகி, சுற்றி வந்து, மறுபடி சேரும் இடம் கிடைக்கும்.

படி 7: பாட்டிலிருந்து ஆல்பத்துக்கு

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். விளக்கை அணைத்தால் நல்லது. பிங்க் ஃபிளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' (1973). சுமார் 43 நிமிடம். இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பில் முடியும். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி இல்லாமல் ஒன்றில் ஒன்று கரையும். உங்கள் செயலி நடுவில் மௌனம் விடுகிறதா என்று முதலில் சரிபாருங்கள், அந்த அரை நொடி மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

இரண்டு இடங்களைச் சொல்கிறேன். 'மணி' பாட்டு சில்லறையும் கல்லாப்பெட்டியும் கிழியும் காகிதமுமாகத் தொடங்கும். அந்தச் சத்தங்களைத் தனித்தனியாகப் பதிந்து, டேப்பை அளந்து வெட்டி, ஒட்டி, ஒரு வளையமாகச் சுற்றவிட்டார்கள். அந்த வளையம் ஏழு எண்ணிக்கை. ரோஜர் வாட்டர்ஸின் பேஸும் ஏழில்தான் வருகிறது. மிஸ்ர சாபு தட்டிப் பழகிய கைக்கு ஏழு புதிதல்ல, நடைதான் வேறு. சாக்ஸபோன் முடிந்து கிட்டார் சோலோ வரும்போது தாளம் நான்குக்கு மாறிவிடும். எண்ணிக்கொண்டே இருந்தால் கால் தடுக்கிய மாதிரி அந்த மாற்றம் தெரியும்.

இன்னொன்று 'த கிரேட் கிக் இன் த ஸ்கை'. இதில் வார்த்தையே இல்லாமல் ஒரு பெண் குரல் எழுந்து, கதறி, தளர்ந்து, தணிகிறது. பாடியவர் கிளேர் டாரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவுக்கு அழைத்து, சாவைப் பற்றிய பாட்டு, வார்த்தை வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் பாடவிட்டார்கள். கூலி 30 பவுண்டு. முப்பது வருடம் கழித்து அவர் வழக்குப் போட்ட பிறகுதான் அந்தப் பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் பெயர் சேர்ந்தது. ஆலாபனை கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பாட்டுக்கு வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. ராக் பிடிக்காது என்று சொன்ன என் அம்மா இதைக் கடைசி வரை கேட்டார்.

படி 8: வாசிப்பவர்களுக்குள் நடப்பதைக் கேட்பது

ஃபிளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்' (1977). ஐந்து பேர். பேஸ் வாசித்த ஜான் மெக்வீயும் கீபோர்டு வாசித்துப் பாடிய கிறிஸ்டினும் கணவன் மனைவி, அப்போதுதான் பிரிந்திருந்தார்கள். கிட்டார் வாசித்த லிண்ட்சி பக்கிங்ஹாமும் பாடகி ஸ்டீவி நிக்ஸும் காதலர்கள், அவர்களும் பிரிந்துகொண்டிருந்தார்கள். டிரம்ஸ் வாசித்த மிக் ஃபிளீட்வுட்டின் குடும்பத்திலும் அதே நிலை. இவர்கள் தினமும் ஒரே ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதிய பாட்டுகளை வாசித்தார்கள்.

'கோ யுவர் ஓன் வே' பக்கிங்ஹாம் நிக்ஸைக் குற்றம் சாட்டி எழுதியது. பல்லவியில் பின்னணி பாடுகிறவர்களில் நிக்ஸும் இருக்கிறார். 'ட்ரீம்ஸ்' அவர் தந்த பதில், கோபமில்லாத, மழைநாள் மாதிரியான பதில். 'யூ மேக் லவ்விங் ஃபன்' கிறிஸ்டின் தன் புதிய காதலனுக்காக எழுதியது. அதற்கு அடியில் ஓடும் பேஸ் முன்னாள் கணவருடையது. எவ்வளவு பொறுப்பாக வாசிக்கிறார் என்று அந்தப் பாட்டில் அவரை மட்டும் தனியாகக் கேளுங்கள். என்னால் அதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை.

பிறகு 'த செய்ன்'. இந்த ஆல்பத்தில் ஐவர் பெயரிலும் எழுதப்பட்ட ஒரே பாட்டு. மூன்று நிமிடத்தில் எல்லாம் நின்றுவிடும். ஜான் மெக்வீயின் பேஸ் மட்டும் தனியாக ஒரு கோர்வையைச் சொல்லும். அதன்மேல் கிட்டாரும் டிரம்ஸும் ஏறும். முதல் படியைத் தாண்டாமல் இங்கே வந்திருந்தால் இந்த இடத்தில் பாதிதான் கிடைத்திருக்கும்.

படி 9: ஒரு குழுவை முதலிலிருந்து கடைசி வரை

எந்தக் குழுவானாலும் சரி, ஒன்றைப் பிடித்து வரிசையாகக் கேளுங்கள். பீட்டில்ஸைச் சொல்வேன். முதல் ஆல்பத்துக்கும் கடைசியாகப் பதிந்ததற்கும் நடுவே ஏழு ஆண்டுகூட இல்லை, அதற்குள் அவர்கள் போன தூரம் அவ்வளவு. ஆறு ஆல்பங்கள், வாரம் ஒன்று.

'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' (1963): பதினான்கில் பத்துப் பாட்டுகளை பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிந்தார்கள். 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' இரவில் கடைசியாகப் பாடியது. லெனனுக்குச் சளி, தொண்டை கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல்தான் பாட்டு.

'ரப்பர் சோல்' (1965): 'நார்வீஜியன் வுட்' பாட்டில் ஜார்ஜ் ஹாரிசன் சிதார் வாசித்திருக்கிறார், அப்போதுதான் கற்றுக்கொள்ளத் தொடங்கியவரின் விரல். மறு வருடம் ரவிசங்கரிடம் முறையாகக் கற்கப் போனார்.

'ரிவால்வர்' (1966): 'எலினார் ரிக்பி' பாட்டில் பீட்டில்ஸ் ஒருவர்கூட வாத்தியம் வாசிக்கவில்லை, எட்டு நரம்பு வாத்தியக்காரர்கள்தான். கடைசிப் பாட்டான 'டுமாரோ நெவர் நோஸ்' ஒரே சுருதியில் தம்புராவோடு நிற்கும், ரிங்கோ ஒரே அடியை விடாமல் அடிப்பார், மேலே டேப் துண்டுகள் பறவைபோலக் கத்தும். முதல் ஆல்பத்துக்கு மூன்றரை வருடத்தில் இங்கே வந்திருக்கிறார்கள்.

'சார்ஜென்ட் பெப்பர்' (1967) ஆல்பத்தில் 'எ டே இன் த லைஃப்' பாட்டுக்காக மட்டுமாவது இயர்போனை மாட்டுங்கள். நாற்பது பேர் கொண்ட இசைக்குழு கீழிருந்து உச்சிக்கு ஏறும். கடைசியில் பல பியானோக்களில் ஒரே கார்டை அடித்து, அது அடங்கும்வரை பதிந்திருக்கிறார்கள். ஒலி முழுதாக அடங்கும்வரை காத்திருங்கள்.

1968இல் ரிஷிகேசத்துக்குப் போனார்கள். ஆசிரமத்தில் மின்சாரக் கிட்டார் இல்லை, சாதா கிட்டார் மட்டும். அங்கே எழுதிய பல பாட்டுகள் அந்த வருடத்து 'த பீட்டில்ஸ்' என்ற வெள்ளை அட்டை ஆல்பத்தில் இருக்கின்றன. தியானத்தில் மூழ்கி அறையை விட்டே வெளியே வராத ப்ருடென்ஸ் என்ற பெண்ணை வெளியே வா என்று அழைக்கும் 'டியர் ப்ருடென்ஸ்' அவற்றில் எனக்கு மிகவும் நெருக்கமானது.

கடைசியில் 'ஆபி ரோடு' (1969). 'லெட் இட் பி' 1970இல் வெளியானாலும் பெரும்பகுதி அதற்கு முன்பே பதிந்தது, ஆகவே இதைக் கடைசியாக வையுங்கள். இரண்டாம் பக்கத்தில் சின்னச் சின்னப் பாட்டுகள் கோர்வையாக ஓடி 'தி எண்ட்' என்ற பாட்டில் வந்து சேரும். தனி ஆவர்த்தனம் பிடிக்காத ரிங்கோ, பீட்டில்ஸ் பதிவுகளிலேயே ஒரே ஒரு முறை தனியாக வாசிப்பது இங்கேதான். அதன் பிறகு மெக்கார்ட்னி, ஹாரிசன், லெனன் மூவரும் கிட்டாரில் வரிசையாக இரண்டிரண்டு தாளச் சுற்று வாசித்து அடுத்தவரிடம் கொடுப்பார்கள். பால், ஜார்ஜ், ஜான். மறுபடி பால், ஜார்ஜ், ஜான். இன்னொரு முறை அதே வரிசை. ஏற்கெனவே பிரிந்துகொண்டிருந்தவர்கள். முதல்முறை கேட்கும்போது ஒரே கிட்டார் மாதிரித்தான் இருக்கும். இத்தனை வாரம் ஒவ்வொருவராகக் கேட்டுப் பழகிய பிறகு கேளுங்கள். பாலின் துறுதுறுப்பு, ஜார்ஜின் வழுக்கல், ஜானின் கரடுமுரடு மூன்றும் தனித்தனி முகமாகத் தெரியும்.

பாட்டு முடிந்ததும் அணைத்துவிடாதீர்கள். பதினான்கு நொடி மௌனத்துக்குப் பிறகு மெக்கார்ட்னியும் ஒரு கிட்டாரும் மட்டும் வரும் 23 நொடிப் பாட்டு இருக்கிறது, 'ஹெர் மெஜஸ்டி'. கோர்வையின் நடுவிலிருந்து வெட்டி எறியச் சொன்ன துண்டு அது. எதையும் எறியக் கூடாது என்ற ஸ்டுடியோ விதியால் உதவியாளர் அதை டேப்பின் வாலில் ஒட்டிவைத்தார், கேட்டவர்களுக்குப் பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார்கள். வெட்டியபோது கடைசி கார்டு மறுபக்கம் போய்விட்டது. அதனால் அந்தப் பாட்டு தன் கடைசி அடி விழாமலே நிற்கிறது.